வாத்துப் பூங்காவில் ஏழாவது ஆள்

வாத்துப் பூங்காவில் வாத்து கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டில் செய்த ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் அலகு உடைந்து பல காலம் ஆகிவிட்டது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து, "இது என்ன, கோழியா?" என்று கேட்பார்கள். தெருக்காரர்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்த வாத்துக்கு எதிரேதான் அன்று சாயங்காலம் தெருச் சங்கத்தின் கூட்டம் நடந்தது.

பட்டாணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். குட்டையாக, உருண்டையாக, எங்கே போட்டாலும் உருண்டு ஓடுவதால் தெருவே அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய அம்மாதான் சங்கத்தின் செயலாளர். அம்மாவின் மேசைமேல் ஒரு டம்ளரும் கரண்டியும் இருந்தன. சத்தம் அதிகமானால் டம்ளரில் தட்டுவதற்கு.

அன்று பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. 'எழுவர் குழு' என்று ஒரு குழு. பூங்காவுக்குப் புது ஊஞ்சல், புதுச் சறுக்கு, சாய்ந்துபோன சுவருக்குப் பதில் புதுச் சுவர், எல்லாவற்றையும் தங்கள் செலவிலேயே செய்து தருவதாக அந்தக் குழு சொல்லியிருந்தது. பதிலுக்கு ஒன்று கேட்டது. இனிமேல் வாத்துப் பூங்காவுக்கு 'எழுவர் பூங்கா' என்று பெயர் வைக்க வேண்டும்.

"அதெப்படி?" என்று எழுந்தார் சலூன்கடைக்காரர். "பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் குடுத்தவரு, 'இனிமே இவனுக்கு என் பேரை வைங்க'ன்னு சொன்னா வைப்போமா?"

"நீங்க சொல்லுவீங்க," என்றார் தையல்கடை அக்கா. "நான் ஆட்டோவுல ஏறி 'வாத்துப் பூங்கா'ன்னு சொன்னா, அந்த ஆளு என்னை ஏற இறங்கப் பார்க்கறாரு. கவுரவமா ஒரு பேர் இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?"

டங், டங், டங் என்று அம்மா டம்ளரைத் தட்டினார்.

எழுவர் குழுவினர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. ஆளுக்கொரு மடக்கு நாற்காலியை அவர்களே வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். கண்டக்டர் தாத்தா மட்டும் இரண்டு கொண்டுவந்து, ஒன்றைக் காலியாகப் போட்டிருந்தார். பேருந்தில் நாற்பது வருடம் விசில் ஊதியவர் அவர். அவருக்குப் பக்கத்தில் மருந்துக்கடை அத்தை. வயதைப் பார்த்தால் பாட்டிதான். ஆனால் பாட்டி என்று கூப்பிட்டால் கசப்பு மருந்தாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று தெருவுக்கே பயம்.

"சரி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் சலூன்கடைக்காரர். "எழுவர்னா ஏழு பேரு. நானும் வந்ததுலேருந்து எண்ணிப் பார்க்கறேன். நீங்க ஆறு பேருதான் இருக்கீங்க. அந்த ஏழாவது ஆளு யாருங்க?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதே நேரத்தில் பட்டாணியின் நண்பன் ரேடியோ, கால் வலிக்கிறதே என்று அந்தக் காலி நாற்காலியில் உட்காரப் போனான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"உட்காராதே!"

ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ரேடியோ அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டான். அவன் வாய் மூடியதைத் தெரு அன்றுதான் முதன்முதலில் பார்த்தது.

"அதுல ஆள் இருக்கு, தம்பி," என்றார் கண்டக்டர் தாத்தா மெதுவாக.

எல்லாரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் யாரும் இல்லை. எங்கிருந்தோ ஒரு காய்ந்த இலை பறந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது. பட்டாணியின் முதுகில் யாரோ ஐஸ் வைத்தது போல இருந்தது.

அம்மா அவசரமாக டம்ளரைத் தட்டினார். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் கூடுவோம். அன்னிக்குக் கை தூக்கி முடிவு பண்ணிடலாம்."

அதற்கு அப்புறம் தெருவில் வேறு பேச்சே இல்லை. ஏழாவது ஆள் ஒரு பெரிய பணக்காரர் என்றார்கள் சிலர். ஏழாவது ஆள் என்று ஒருவரும் இல்லை, ஊரை ஏமாற்றுகிறார்கள் என்றார்கள் சிலர். பிள்ளைகளுக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. ஏழாவது ஆள் பேய்.

"அது சாயங்காலத்துல பூங்காவுக்கு வருது," என்றான் ரேடியோ. "பெரிய மரத்துக்கிட்ட நின்னு எண்ணுது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எங்க பக்கத்து வீட்டு அண்ணன் காதாலயே கேட்டிருக்காரு."

"பேய்க்கு எதுக்குடா கணக்கு?"

"எத்தனை பேரைப் பிடிக்கலாம்னு பார்க்குதோ என்னவோ!"

இந்தப் பேச்சு பரவியதும் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இருந்த ஒரே ஓட்டை ஊஞ்சலும் ஆளில்லாமல் காற்றில் தானாக ஆடிக் கிறீச்சிட்டது. "பிள்ளைங்களே வரலைன்னா அப்புறம் பூங்கா எதுக்கு? பூட்டிப் போட்டுடலாமே," என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பட்டாணிக்கு இருக்கிற ஒரே பூங்கா அது. அதை ஒரு பேய்க்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வாடா, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்," என்றாள்.

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கே!"

"உனக்கு என்னிக்குடா வீட்டுப்பாடம்மேல இவ்வளவு ஆசை வந்துச்சு?"

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் உள்ளே நுழைந்தார்கள். குருவிகள் கூட்டில் அடங்கிவிட்டிருந்தன. சுவரோரம் சருகுகள் குவிந்துகிடந்தன. சறுக்குக்குப் பின்னால் போய் இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவின் பற்கள் தந்தியடித்த சத்தம்தான் கேட்டது.

அப்புறம் கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

குரல் பெரிய மரத்தடியிலிருந்து வந்தது. அடித்தொண்டையிலிருந்து, மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் எடுத்துக் கீழே வைப்பது போல.

"நாலு... அஞ்சு..."

ஆறு என்று வருவதற்குள் ரேடியோ வாசலைத் தாண்டியிருந்தான். அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் பட்டாணிக்குப் பக்கத்தில் கிடந்தது. பட்டாணியும் ஓடியிருப்பாள். கால் கேட்டால்தானே!

எண்ணுவது நின்றது. "வரேன்... வரேன்..." என்றது குரல். சருகுகள் சரக், சரக் என்று மிதிபட்டன. ஏதோ ஒன்று சிமெண்டு வாத்தின் பின்னால் போய் நின்றது. அப்புறம் ஊஞ்சலடிக்குப் போனது. அப்புறம் சறுக்கை நோக்கி வந்தது. பட்டாணி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்!"

கண்ணைத் திறந்தால் எதிரே மருந்துக்கடை அத்தை! அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. பத்து வயதுப் பிள்ளையின் சிரிப்பு. ஆனால் பட்டாணியை அடையாளம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"நீயா," என்றார் அத்தை. சறுக்கின் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

பட்டாணிக்குப் பயம் போய்ப் பாவமாகிவிட்டது. "வேற யாருன்னு நெனச்சீங்க, அத்தை?"

அத்தை சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். பிறகு, "தும்பின்னு நெனச்சேன்," என்றார்.

"தும்பி யாரு?"

"ஏழாவது ஆள்."

சின்ன வயதில் அவர்கள் ஏழு பேர் இந்தப் பூங்காவில் ஒன்றாக விளையாடினார்களாம். ஒரு நாள் சாயங்காலம் கண்ணாமூச்சி. பெரிய மரம்தான் தொடுமரம். ஒளிந்தவர் ஓடி வந்து மரத்தைத் தட்டிவிட்டால் அவருக்கு வெற்றி. அன்று எல்லாரும் பிடிபட்டார்கள். தும்பி மட்டும் அகப்படவில்லை. ஆறு பேருமாகத் தேடினார்கள். இருட்டிவிட்டதும் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து காதைத் திருகி இழுத்துப் போய்விட்டார்கள்.

"மறுநாள் காலையில வந்து பார்த்தா, அதோ, அந்தச் சுவருக்குப் பின்னாடி இருந்த அவ வீடு பூட்டிக் கிடக்கு. ராத்திரியோட ராத்திரியா வீட்டைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டே போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

"அப்போ தும்பியும் அவங்களோட போயிருப்பாங்கதானே?"

"போயிருப்பா," என்றார் அத்தை. "ஆனா அவ போனதை எங்க ஆறு பேர்ல யாருமே பார்க்கலையே, பட்டாணி."

காற்று நின்றிருந்தது. ஊஞ்சல் மட்டும் ஒரு முறை கிறீச்சிட்டது. பட்டாணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அதான் நாங்க தினம் ஒருத்தர் வந்து எண்ணித் தேடறோம். தலை நரைச்சதுங்க கண்ணாமூச்சி ஆடுதுன்னு ஊர் சிரிக்கும். அதனால யாருகிட்டயும் சொல்லலை. பூங்காவுக்கு எழுவர்னு பேர் வெச்சுட்டா, எப்பவாவது அவ இந்தப் பக்கம் வந்தா பார்ப்பா இல்லையா? அவளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கிட்டிருக்கோம்னு தெரிஞ்சுக்குவா."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், அத்தை," என்றாள் பட்டாணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கஷ்டமான வாக்கு என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் முழுவதும் ரேடியோ கேள்வி கேட்டே அவளை ஒரு வழி பண்ணிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. வானம் மூடிக்கிடந்தது. சாயங்காலம் ஆவதற்குள்ளாகவே பூங்கா மங்கிவிட்டது. எழுவர் குழு அதே இடத்தில், அதே காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் அந்த நாற்காலியிலிருந்து தள்ளி, அம்மாக்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏழாவது ஆளு யாருன்னு சொல்லாம நான் கை தூக்க மாட்டேன்," என்றார் சலூன்கடைக்காரர்.

"சொல்ல முடியாது," என்றார் கண்டக்டர் தாத்தா.

"அப்படின்னா ஊஞ்சலை நீங்களே வெச்சு ஆடுங்க!"

"பேரு இல்லைன்னா ஊஞ்சலும் இல்லை!"

டங், டங், டங்! டம்ளர் நசுங்கியதுதான் மிச்சம். அம்மா களைத்துப்போய், "சரி, கை தூக்கிடலாம்," என்றார்.

பட்டாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. எழுந்து நேராக மருந்துக்கடை அத்தையிடம் போனாள். அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"அத்தை, தும்பி என்னிக்காவது ஊருக்கு வந்தா, எந்தப் பூங்கான்னு கேட்டுத் தேடுவாங்க?"

"வாத்துப் பூங்..." அத்தை பாதியில் நிறுத்தினார்.

"பேரை மாத்திட்டா? 'வாத்துப் பூங்கா எங்க இருக்கு'ன்னு அவங்க கேட்டா, 'அப்படி ஒண்ணும் இங்க இல்லையே'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்களே."

அத்தையின் கை தானாக வாய்க்குப் போனது. அவர் எழுந்து நின்றார். கண்டக்டர் தாத்தா, "வேணாம், உட்காரு," என்று தடுத்தும் கேட்கவில்லை. தும்பியைப் பற்றி, அந்தச் சாயங்காலத்தைப் பற்றி, தினமும் எண்ணுவதைப் பற்றி, எல்லாவற்றையும் கூட்டத்தில் சொல்லிவிட்டார். பட்டாணி கேட்டதையும் சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சலூன்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நானே முதல் ஆளா கை தூக்கியிருப்பேனே!"

"பேர் வேணாம்," என்றார் அத்தை. "வாத்துப் பூங்காவாவே இருக்கட்டும். அவளுக்குத் தெரிஞ்ச பேரு அதுதான்."

கண்டக்டர் தாத்தாவால் தாங்க முடியவில்லை. "அப்போ நாம காத்துக்கிட்டிருக்கோம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவ எப்படி வெளியே வருவா?"

"தாத்தா, நீங்க 'தோத்துட்டோம்'னு சொன்னீங்களா?" என்று கேட்டாள் பட்டாணி.

"என்னது?"

"கண்டுபிடிக்க முடியலைன்னா 'தோத்துட்டோம், வெளியே வா'ன்னு சொல்லணும். அப்பதான் ஒளிஞ்சவங்க வருவாங்க. ஒரு தடவை நான் சொல்ல மாட்டேன்னு வீம்பு பண்ணேன். இவன் தண்ணித் தொட்டி மேலயே உட்கார்ந்திருந்தான். ஏணி வெச்சு இவங்கப்பாதான் எறக்கினாரு."

"ஆமா, நான்தான்!" என்றான் ரேடியோ பெருமையாக.

"எங்க கூட்டத்துல அந்தப் பழக்கமே கெடையாது," என்றார் தாத்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தோத்துட்டோம்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கோம். ஏழு பேரும்."

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தாத்தா, ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா அவங்களுக்கும் கால் வலிக்கும்ல?"

தாத்தா அவளைப் பார்த்தார். நாற்பது வருடம் பேருந்தையே அதட்டிய மனிதர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள்.

ஆறு பேரும் பெரிய மரத்தடிக்கு நடந்தார்கள். மரத்தைப் பார்த்து நின்று கண்களைப் பொத்திக்கொண்டார்கள். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தோத்துட்டோம், தும்பி!" கண்டக்டர் தாத்தாவின் குரல் முதலில் உடைந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "தோத்துட்டோம்! வெளியே வா!"

ஒரு சத்தமும் இல்லை. இலைகூட அசையவில்லை.

அப்புறம் சுவரோரச் சருகுகள் சரசரத்தன. யாரோ எழுந்திருப்பது போல. அடுத்த நொடி, தடதடதட என்று சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. புல் ஒரு கோடாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பட்டாணியின் பாவாடை ஓரத்தைக் காற்று ஒன்று உரசிக்கொண்டு போனது.

பட்!

மரத்தை ஒரு கை ஓங்கித் தட்டியது. எல்லாரும் கேட்டார்கள். ஆறு பேரும் கண்களைத் திறந்து திரும்பினார்கள். மரத்தடியில் அவர்களைத் தவிர ஒருவரும் இல்லை.

ரேடியோ தன் அம்மாவின் முந்தானைக்குள் முழுசாகப் போய்விட்டான். பட்டாணிக்குக் கை காலெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஏனோ பயமாக இல்லை. ரொம்ப நேரம் காத்திருந்த யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டது போல மனசு லேசாக இருந்தது.

"ஜெயிச்சுட்டா!" என்று கத்தினார் கண்டக்டர் தாத்தா. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "கழுதை, கடைசியில அவதான் ஜெயிச்சா!"

மருந்துக்கடை அத்தை மரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். பட்டாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, தும்பிக்கு இப்போ உங்க வயசுதானே இருக்கும்? ஓடி வந்தது சின்னக் காலாட்டம் இருந்துச்சே?"

"ஒளிஞ்சிருக்கறவங்களுக்கு வயசாகாது, பட்டாணி," என்றார் அத்தை.

கை தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பூங்காவுக்குப் பெயர் மாறாது, ஊஞ்சலும் சறுக்கும் கட்டாயம் வரும் என்று எழுவர் குழுவே சொல்லிவிட்டது. சுவர் கட்டும்போது கூடவே நின்று பார்த்துக்கொள்வதாகச் சலூன்கடைக்காரர் சொன்னார். தையல்கடை அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "வாத்துக்கு ஒரு அலகாவது ஒட்ட வைங்கப்பா," என்றார்.

கூட்டம் கலையவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக முந்தானைகளை விட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தார்கள். இன்னும் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அடுத்த ஆட்டத்துக்கு யாரு எண்ணறது?" என்று கேட்டான் ரேடியோ, முந்தானையிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

"நான்!" என்றாள் பட்டாணி. மரத்தில் முகத்தைப் பதித்து எண்ணத் தொடங்கினாள். பின்னால் தெருவே சிதறி ஓடும் சத்தம் கேட்டது. நரைத்த தலைகளும் சேர்ந்துதான் ஓடின.

முதலில் பிடிபட்டவர் கண்டக்டர் தாத்தா. சறுக்குக்குப் பின்னால் குந்தும்போது அவருடைய முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. "தோத்துட்டேன்மா," என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக அவர் வெளியே வந்தார்.